மறைந்த கையும் மறையாத பொருளும்

முதல் எதிரி மறைந்துவிட்டால் வழக்கும் அவரோடு அடங்கிவிடும் என்று எண்ணுவது நம் மக்களிடையே பெருவழக்கு. 2017 பிப்ரவரி 14ஆம் நாள் முற்பகல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளிவந்த வேளையில், திருப்பூர் இராயபுரத்துத் தேநீர்க் கடைகளில் நாம் கேட்ட பேச்செல்லாம் இதனையே சுற்றி வந்தது. “அந்தம்மாவே போய்ச் சேர்ந்துட்டாங்க, இனி இவங்களை உள்ளே வெச்சு யாருக்கு என்ன?” என்றார் ஒருவர். “ஆள் போயிட்டாங்க சரி, பணம் போகலீங்களே!” என்றார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் மற்றொருவர். இவ்விரு கூற்றும் சட்டம் கற்றோர் வாயிற் பிறந்தவை அல்ல. எனினும், ஊழல் வழக்குகளின் வரலாறு நெடுகிலும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இரு கட்சிகள் இவையே. இவற்றுள் எதன் பக்கம் நியாயம் சாய்கிறது என்பதை அவ்வழக்கை வைத்தே ஆராய்வோம்.

வழக்கின் வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததே. ஆயினும் ஆண்டுகளை வரிசையாக நினைவுகூர்தல் வேண்டும், ஏனெனில் இவ்வழக்கின் உயிர்நாடியே ஆண்டுக்கணக்குதான். செல்வி ஜெ. ஜெயலலிதா 1991 ஜூன் திங்களில் முதன்முறையாகத் தமிழகத்தின் முதலமைச்சரானார். மாதச் சம்பளமாக ஒரு ரூபாய் மட்டுமே பெற்றுக்கொள்வதாக அறிவித்தார். 1996 மே மாதம் ஆட்சியை இழந்தார். அடுத்த மாதமே, ஜூன் 14ஆம் நாள், டாக்டர் சுப்பிரமணியன் சுவாமி சென்னை முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் முறையிட்டார். ஊழல் தடுப்புத் துறை அவ்வாண்டு செப்டம்பரில் வழக்குப் பதிந்து, 1997 ஜூன் 4ஆம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வருமானத்திற்கு மேல் 66 கோடியே 65 இலட்சம் ரூபாய் சொத்து சேர்த்தார் என்பது குற்றச்சாட்டு. அவரோடு மூவர் சேர்க்கப்பட்டனர்: தோழி வி. கே. சசிகலா, சசிகலாவின் அண்ணன் மனைவி ஜெ. இளவரசி, ஒரு காலத்தில் வளர்ப்பு மகன் என ஊரறிய அறிவிக்கப்பட்டு 1995 செப்டம்பரில் பெருந்திருமணம் செய்துவைக்கப்பட்ட வி. என். சுதாகரன்.

இம்மூவருள் எவரும் அரசுப் பதவி வகித்தவர் அல்லர். ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியரைப் பற்றியதன்றோ, பதவியில்லாதாரை எவ்வாறு அச்சட்டத்தின்கீழ் நிறுத்தலாம்? இக்கேள்வி அக்காலத்தே எழுந்தது, இங்கேயே எழுந்தது. தமிழகத்தின் முன்னாள் அமைச்சர்கள் சிலரின் மனைவியரும் உறவினரும் இதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் ஏறினர். நல்லம்மாள் வழக்கு என வழங்கும் அதில், 1999 ஆகஸ்டில் நீதியரசர் கே. டி. தாமஸ் அளித்த தீர்ப்புதான் பின்னர் நடந்த அனைத்திற்கும் அடிக்கல். கணக்கில் அடங்காத சொத்தை வைத்திருத்தல் என்னும் குற்றம் பொது ஊழியருக்கே உரியது. ஆனால் அதற்கு உடந்தையாதல் எவராலும் இயலும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இலஞ்சம் வாங்கிப் பொருள் சேர்க்குமாறு தூண்டியவரும், சேர்த்த பொருளைத் தம் பெயரில் வைத்துக் காத்தவரும் தம் செயலுக்குத் தாமே பொறுப்பாளிகள். நிழல் என்று ஒதுங்கிக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை என்று அன்றே ஆகிவிட்டது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம். ‘பினாமி’ என்பதைத் தமிழ்ச் சொல்லென்றே கருதுவோர் பலர். அது பாரசீகத்திலிருந்து வந்தது. ‘பே’ என்பது இன்மையைக் குறிக்கும், ‘நாம்’ என்பது பெயர். பெயரில்லாதது என்பதே சொற்பொருள். உடைமையாளன் பெயர் பத்திரத்தில் இல்லை என்பதால் அப்பெயர் வந்தது. ஆனால் நடைமுறையிலோ பெயரின்றி எந்தப் பத்திரமும் எழுதப்படுவதில்லை. வேறொருவர் பெயர் அங்கே அமர்ந்திருக்கும். பெயரை இரவல் கொடுத்த அந்த வேறொருவர் யார், ஏன் கொடுத்தார், எவ்வளவு அறிந்து கொடுத்தார் என்பதே வழக்கின் முடிச்சு. திருப்பூரில் கூட்டு நிறுவனம் நடத்துவோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒரு பங்காளி காலமாகிவிட்டால் நூல்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் தரவேண்டிய பாக்கி அவரோடு போய்விடுவதில்லை. பேரேட்டில் பெயருள்ள மற்றப் பங்காளியின் வாசலுக்கே வந்து நிற்கும். ‘நான் பெயருக்குத்தான் இருந்தேன்’ என்பதைக் கடன் கொடுத்தவன் கேட்பானோ?

இனி வழக்கின் நடைக்கு வருவோம். 2001இல் ஜெயலலிதா மீண்டும் ஆட்சிக்கு வந்தார். ஏற்கெனவே சாட்சியம் அளித்து முடித்த 76 சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டு, அவர்களில் பெரும்பாலோர் முன் சொன்னதினின்று பிறழ்ந்தனர். அரசே தன் முதலமைச்சர் மீது வழக்கு நடத்தும் வேடிக்கையைக் கண்டு, தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2003 நவம்பர் 18இல் வழக்கு கர்நாடகத்திற்கு மாற்றப்பட்டது. அங்கே மொழிபெயர்ப்பு, வாய்தா, மனு, மேல்மனு என ஆண்டுகள் உருண்டன. நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா 2014 செப்டம்பர் 27இல் தீர்ப்பு வழங்கியபோது குற்றப்பத்திரிகை தாக்கலாகிப் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன. நால்வருக்கும் நான்காண்டுச் சிறை. ஜெயலலிதாவுக்கு 100 கோடி ரூபாய் அபராதம், மற்ற மூவருக்கும் தலைக்குப் பத்துக் கோடி. ஆறு நிறுவனங்களின் பெயரில் இருந்த நிலங்கள் அரசுடைமையாக வேண்டும் என்றும் ஆணை பிறந்தது.

எட்டுத் திங்களுக்குள் காட்சி மாறியது. 2015 மே 11இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் சி. ஆர். குமாரசாமி நால்வரையும் விடுவித்தார். வருமானத்தை விஞ்சிய சொத்து 8.12 விழுக்காடு மட்டுமே என்று அவர் கணக்கிட்டார். பத்து விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது 1977ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றைத் தழுவிய வழக்கம். ஆனால் அக்கணக்கில், வாங்கிய கடன்களைக் கூட்டிய இடத்தில் 10 கோடியே 67 இலட்சம் என்று வரவேண்டியது 24 கோடியே 17 இலட்சம் என்று வந்திருந்தது. பதின்மூன்றரைக் கோடி ரூபாய் கூட்டற்பிழை! அதனைத் திருத்திவிட்டால் பத்து விழுக்காட்டு எல்லை நெடுந்தொலைவு பின்னே நின்றுவிடுகிறது. மதரஸாவில் பாகப்பிரிவினைக் கணக்குப் போடும் மாணவன் ஒரு பின்னத்தைத் தவறவிட்டாலே மீண்டும் எழுதிவரச் சொல்வது எம் வழக்கம். இதற்கு மேல் இதைப் பற்றி நாம் சொல்ல ஒன்றுமில்லை.

கர்நாடக அரசு மேல்முறையீடு செய்தது. வாதங்கள் முடிந்து 2016 ஜூன் 7இல் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் முதலமைச்சர் பதவியில் இருந்தபடியே ஜெயலலிதா காலமானார். தீர்ப்போ அடுத்த பிப்ரவரியில்தான் வந்தது. நீதியரசர்கள் பினாகி சந்திர கோஷும் அமிதவ ராயும் உயர் நீதிமன்ற விடுதலையை நீக்கி, குன்ஹாவின் தீர்ப்பை மீண்டும் நிலைநாட்டினர். முதல் எதிரியைப் பொறுத்தமட்டில் மேல்முறையீடு அற்றுப்போயிற்று, ஏனைய மூவரும் எஞ்சிய தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்றனர். ஒன்பது நாட்களுக்கு முன்னர்ச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு முதலமைச்சர் நாற்காலிக்கு மிக அருகில் நின்ற சசிகலா, மறுநாள் பெங்களூருப் பரப்பன அக்ரகாரச் சிறைக்குச் சென்றார்.

‘அற்றுப்போதல்’ என்பதன் பொருளை ஊன்றி நோக்க வேண்டும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது. விடுதலையை எதிர்த்து அரசு செய்த மேல்முறையீடு எதிரியின் இறப்போடு முடிந்துவிடும். அபராதத்தை எதிர்த்து எதிரியே செய்த மேல்முறையீடு மட்டும் அவ்வாறு முடியாது, ஏனெனில் அபராதம் உடலைத் தொடுவதன்று, உடைமையைத் தொடுவது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே தன் 70ஆம் பிரிவில் இதனைத் தெளிவாக்கியிருந்தது: குற்றவாளி இறந்தாலும் அவர் கடனுக்குப் பொறுப்பாகக்கூடிய சொத்து அபராதப் பொறுப்பினின்று நீங்காது. நம் ஃபிக்ஹு நூல்களைக் கற்றோர்க்கு இது புதுமையன்று. உடலுக்குரிய தண்டனை மரணத்தோடு முடிகிறது. பிறர் பொருளுக்கான ஈடோ இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின்மீது நிற்கிறது. வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன் கடன் தீர்க்கப்பட வேண்டும்.

அவ்வாறாயின் அந்த நூறு கோடி அபராதம் என்னவாயிற்று? இக்கேள்வியையே கர்நாடக அரசு சீராய்வு மனுவாகக் கொண்டு சென்றது. வாதங்கள் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்ட பின்னரே அவர் இறந்தார், ஆகவே அபராதமேனும் நிற்க வேண்டும் என்று வேண்டியது. 2017 ஏப்ரல் 5ஆம் நாள் அம்மனு தள்ளுபடியாயிற்று. அவர் கண்மூடிய நாளில் அவர்மீது எந்தத் தண்டனையும் உயிரோடு இருக்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பே நின்றிருந்தது. பதின்மூன்றரைக் கோடிப் பிழையுடைய அத்தீர்ப்பு தன் ஆயுளின் கடைசிப் பயனை இங்கே அளித்துவிட்டது! தீர்ப்பு டிசம்பருக்கு முன் வந்திருந்தால் நூறு கோடியும் அவர் சொத்தின்மீது நின்றிருக்கும். ஒத்திவைக்கப்பட்ட எட்டுத் திங்களின் விலை நூறு கோடி என்று சொன்னால் அது மிகையாகாது.

மூவரின் நிலைக்குத் திரும்புவோம். ‘முதல் எதிரியே இல்லாதபோது உடந்தை எங்கே நிற்கும்? மரம் வீழ்ந்தபின் கொடி எதைப் பற்றும்?’ என்பது அவர்கள் பக்கத்து மக்களின் வாதம். உவமை அழகியது, ஆனால் பொருந்தாது. மரம் நின்ற காலத்தில் கொடி என்ன செய்தது என்பதே நீதிமன்றம் கேட்ட கேள்வி. ஒரே நாளில் பத்து நிறுவனங்கள் பதிவாயின. வங்கிக் கணக்குகளுக்கிடையே பணம் இங்குமங்கும் பாய்ந்தது. ஜெயா பப்ளிகேஷன்ஸ் நிறுவனத்தை நடத்தும் முழு அதிகாரத்தை ஜெயலலிதா சசிகலாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இரத்த உறவு இல்லாத மூவரும் போயஸ் தோட்டத்து ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தது அன்பினாலோ அறத்தினாலோ அன்று, சொத்தை வைத்துக் காக்கும் சூழ்ச்சிக்காகவே என்று நீதியரசர்கள் முடிவுகட்டினர். இவையெல்லாம் 1996க்குள் நடந்து முடிந்த செயல்கள். 2016இல் நிகழ்ந்த மரணம் அவற்றை நிகழாதவையாக ஆக்க முடியுமா?

பொருள் எவர் கையிற் போய்ச் சேர்ந்தது என்று கேட்பது இக்காலத்துச் சட்டம் கண்டுபிடித்த புதுமையுமன்று. உரோமரின் சட்டத்திலேயே, ஆளுநன் குடிகளிடம் பறித்த பணத்தை அவனிடம் மீட்க இயலாவிடின், அது சென்றடைந்தவர்களைத் தொடரும் வழி இருந்தது. சிரியாவின் ஆளுநன் கபீனியஸ் தண்டிக்கப்பட்டுப் பணம் கட்ட இயலாது போனபின், ரபீரியஸ் என்ற செல்வன்மீது அவ்வழியே வழக்கு வந்தது. அவனுக்காக வாதாடியவர் சிசரோ.

ஆயினும் எம் நெஞ்சில் ஊன்றி நிற்பது பஸராவில் நடந்தது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை அனுப்பும்போதே அவர்தம் உடைமையை எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்பதும், பதவிக்காலத்தில் பெருகியதைக் கண்டால் பாதியைப் பைத்துல்மாலில் சேர்ப்பார்கள் என்பதும் வரலாற்று நூல்கள் கூறுபவை. எகிப்தின் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களிடமே அவ்வாறு பிரித்தெடுக்க முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அனுப்பப்பட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பலாதுரீ தம் ‘ஃபுதூஹுல் புல்தான்’ என்னும் நூலில் இத்தொடரில் ஒரு செய்தியைத் தருகிறார். அவ்வாறு பாதி கேட்கப்பட்டவர்களில் அபூபக்ரா (ரலி) அவர்களும் ஒருவர். முதற் கலீஃபாவின் பெயரோடு வாசகர்கள் மயங்க வேண்டாம், இவர்கள் பஸராவில் வாழ்ந்த வேறொரு தோழர். ‘நான் உங்களிடம் எந்தப் பதவியும் வகிக்கவில்லையே’ என்று அவர்கள் வினவினார்கள். அதற்குக் கலீஃபா தந்த விடையின் கருத்து இது: உம் சகோதரர் பைத்துல்மாலுக்கும் உபுல்லாத் துறைமுகத்தின் சுங்கத்திற்கும் பொறுப்பாளர், அவர் உமக்குக் கடன் தருகிறார், நீர் அதை வைத்து வாணிபம் செய்கிறீர். அபூபக்ராவின் செல்வத்திலிருந்தும் பங்கு எடுக்கப்பட்டது.

பதவியில்லாதவர், ஆனால் பதவியின் நிழலில் பொருள் பெருக்கியவர்: கேள்வி அதேதான். வேறுபாட்டையும் மறைக்கலாகாது. கலீஃபா எடுத்தது பொருளை மட்டுமே. சிறையுமில்லை, திருடர் என்ற பெயருமில்லை. அபூபக்ராவின் கண்ணியம் குறைக்கப்படவில்லை. அதிகாரத்தின் அண்மையால் வந்த ஆதாயம் பொதுமக்களுடையது என்ற நிர்வாக முடிவு அது. இக்காலத்து நீதிமன்றமோ உடந்தையானவரின் உள்ளத்தை ஆராய்ந்து, அறிந்தே செய்தார் என்று நிறுவிய பின்னரே சிறைக்கு அனுப்ப வேண்டும். அப்பெருஞ்சுமையை ஏற்கும்போது முதல் எதிரி உயிரோடு இல்லாமை ஒரு குறையே என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

குறை இருபுறமும் உண்டு. எஞ்சியிருப்பவர் எல்லாப் பழியையும் இறந்தவர்மேல் சுமத்தித் தப்ப முயலலாம், மறுத்துரைக்க அவர் வரப்போவதில்லை. அன்றி, இறந்தவர் சொல்லியிருக்கக்கூடிய ஒரு சொல் எஞ்சியவரைக் காத்திருக்கலாம், அதுவும் இனி வராது. நம் வழக்கில் இக்குறை பெரிதாக இல்லாமற் போனதற்குக் காரணம் உண்டு. சாட்சியம், வினா, விடை, வாதம் அனைத்தும் ஜெயலலிதா உயிரோடிருந்து தம் தரப்பை உரைத்த காலத்திலேயே முடிந்துவிட்டன. எஞ்சியிருந்தது தீர்ப்பை வாசிப்பது ஒன்றே. மரணம் விசாரணையின் எந்தக் கட்டத்தில் வந்தது என்பது இவ்வகை வழக்குகளில் எத்துணை முக்கியம் என்பதை 2014இல் ஜிதேந்தர் குமார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே காட்டியது. பொது ஊழியர் மீது குற்றச்சாட்டு வனையப்பட்டபின் அவர் இறந்தால், சிறப்பு நீதிமன்றம் மற்றவர் மீதான விசாரணையைத் தொடரலாம். அதற்கு முன்பே இறந்து, பொது ஊழியர் எவரும் மிஞ்சாவிடின், மற்றவர் மீதான ஏனைய குற்றங்கள் சாதாரண நீதிமன்றத்திற்கே செல்லவேண்டும்.

போஃபர்ஸ் பீரங்கி வழக்கை இதற்கு மறுதலையாகக் காட்டலாம். அதில் 1999 அக்டோபரில் குற்றப்பத்திரிகை தாக்கலானபோது இராஜீவ் காந்தி மறைந்து எட்டு ஆண்டுகளாகியிருந்தன. விசாரணைக்கு அனுப்பப்படாத எதிரியாக அவர் பெயர் குறிக்கப்பட்டது. 2001இல் வின் சத்தாவும், முன்னாள் பாதுகாப்புச் செயலர் பட்நாகரும் அடுத்தடுத்து இறந்தனர். 2004இல் டில்லி உயர் நீதிமன்றம், இராஜீவ் இலஞ்சம் பெற்றதற்குச் சான்றில்லை என்று கூறிப் பொது ஊழியர் மீதான குற்றச்சாட்டுகளை நீக்கியது. அடுத்த ஆண்டு இந்துஜா சகோதரர்களும் விடுவிக்கப்பட்டனர். அங்கே ஒருவர் தம்மைப் பற்றிய குற்றச்சாட்டைக் காதாற் கேட்கும் முன்பே மறைந்துபோனார். சாட்சிக் கூண்டு காணாத அவ்வழக்கையும், இருபது ஆண்டுகள் கூண்டிலேயே கிடந்த நம் வழக்கையும் ஒரே தராசில் வைத்தல் கூடாது.

ஆகவே மூவரைத் தண்டித்தது பிழை என்பார் கட்சியில் நாம் இல்லை. நம் ஆதங்கம் வேறு. நால்வரும் சேர்ந்து செய்ததாக நிறுவப்பட்ட ஒன்றில், அதிகாரம் முழுதும் எவர் கையில் இருந்ததோ அவர் மட்டும் தீர்ப்புக்கு எட்டாதவரானார். அதிகாரம் ஏதுமின்றிப் பெயரை மட்டும் கொடுத்த இளவரசி போன்றோர் முழுச் சிறையும் அனுபவித்தனர். இவ்வேற்றத்தாழ்வைச் செய்தது மரணம் என்று பலர் கூறுவர். மரணம் 2016இல்தான் வந்தது. வழக்கு 1996லேயே வந்துவிட்டது. இருபது ஆண்டுகள் வாய்தாவில் கழித்த ஒரு சமுதாயம் மரணத்தின்மீது பழிபோடுவது எவ்வாறு பொருந்தும்? சாட்சிகளைத் திரும்ப அழைத்தவர்களும், மனுமேல் மனுப் போட்டவர்களும், தீர்ப்பை எட்டுத் திங்கள் எழுதிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்தே யார் தண்டனை பெறுவார், யார் பெறார் என்பதை முடிவுசெய்தனர்.

அற்றுப்போன அந்தப் பாதியின் பொருள் என்ன என்பதில் நீதிமன்றங்களுக்கே ஒரே குரல் இல்லை. மெரினாவில் அரசுச் செலவில் நினைவிடம் எழுப்பலாகாது என்ற மனுவை 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியபோது, மேல்முறையீடு முடிவதற்குள் இறந்தவரைத் தண்டிக்கப்பட்டவர் என்று சொல்ல இயலாது என்றது. வழக்கு அற்றுப்போனதால் பறிமுதலான நகைகள் தமக்கே உரியன என்று அண்ணன் மகள் தீபாவும் மகன் தீபக்கும் கேட்டபோது, அற்றுப்போதல் விடுதலையாகாது என்று 2025 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லிற்று. குற்றவாளி என்பதற்கும் இல்லை, நிரபராதி என்பதற்கும் இல்லை. இரண்டும் சட்டப்படி சரியே. வருங்கால வரலாற்றாசிரியன் ஒரு வாக்கியம் எழுத முனைந்தால் எப்படி எழுதுவான் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

சசிகலா அபராதமான பத்துக் கோடியைச் செலுத்தி 2021 ஜனவரி 27ஆம் நாள் விடுதலை பெற்றார். அதே நாளில்தான் மெரினாவில் ஜெயலலிதாவின் நினைவிடம் கூட்டம் அலைமோதத் திறந்துவைக்கப்பட்டது. சில நாட்களில் இளவரசியும் வெளிவந்தார். பத்துக் கோடி கட்டாத சுதாகரன் அதற்கீடாக மேலும் ஓராண்டு சிறையிலிருந்து அவ்வாண்டு அக்டோபரில் விடுதலையானார். 2025 பிப்ரவரி 14ஆம் நாள், தீர்ப்பு வந்து சரியாக எட்டு ஆண்டுகள் நிறைந்த அன்று, உச்ச நீதிமன்றம் வாரிசுகளின் மேல்முறையீட்டையும் தள்ளியது. ஏறத்தாழ 27 கிலோ பொன் நகைகளும் 1,526 ஏக்கர் நிலத்தின் ஆவணங்களும் பெங்களூரில் தமிழக அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒவ்வொரு நகையாக எண்ணி, நிறுத்து, சரிபார்த்துப் பெட்டிகளில் ஏற்றினார்கள்.